அந்தோணி அண்ணன் செய்த என் கத்தி

கையால் ஒரு பொருளைச் செய்து விற்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். தன்னைப் போல அதைச் செய்ய உலகத்தில் வேறு ஆளே இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு 2005-ல் அது முற்றிப்போயிருந்தது. மரக்காணம் மீன் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது ஒரேயடியாகக் குணமானது. வைத்தியம்தான் கொஞ்சம் கடுமை.

அப்போது உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி, உலையில் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வேன். மீன் வெட்டுகிற கத்திதான் அதிகம் விற்கும். மீன் வெட்டும்போது கை வழவழத்துப்போய்ப் பிடி நழுவும் இல்லையா? அதற்காகப் பிடியின் கடைசியில், சுண்டுவிரல் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வளைவு வைத்தேன். அந்த வளைவு சரியாக வர ஒரு மழைக்காலம் முழுக்க மரத்தைச் செதுக்கிப் பாழாக்க வேண்டியிருந்தது. (அந்த மழைக்காலத்தில் அடுப்புக்கு விறகே வாங்கவில்லை என்று என் மனைவி கலா இன்னமும் சொல்வாள்.)

வளைவுக் கத்தி என்றால் அனுமந்தை வரைக்கும் மீன்காரப் பெண்களுக்குத் தெரியும். "ஒரு பேரோ அடையாளமோ போடுங்களேன்" என்றாள் கலா. "என் வேலையே என் கையெழுத்து" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

சுனாமி வந்து போன பிறகு கரையோரக் குப்பங்களில் வலை, சட்டி, கத்தி எல்லாமே போயிருந்தன. எல்லாருக்கும் உடனே கத்தி வேண்டியிருந்தது. நானும் இரவு பகல் பார்க்காமல் அடித்துக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் ஒவ்வொரு கத்தியும் எப்படி வந்தது என்று நின்று பார்க்கவில்லை. என் கை தப்பு செய்யாது என்பதுதான் என் எண்ணம்.

அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட்டில் மீன் விற்கிற அஞ்சலை அக்கா ஒரு நாள் சொன்னாள்: "ஏம்பா, உன் கத்தி மாதிரியே பக்கத்துல பிரம்மதேசம் ஊர்க்காரர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமையில வந்து விக்கிறாரு. அதே வளைவு."

அவர் பெயர் அந்தோணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதுவரை அருவாள், மண்வெட்டி செய்துகொண்டிருந்தவர். என் மழைக்காலத்தையே ஒருவர் கோணியில் பரப்பி விற்கிறார்.

அந்த வாரம் முழுக்க உலைக்கு முன்னால் நின்று வசனம் பேசிப் பழகினேன். முதலில் "இந்த வளைவு யாருது?" என்று கேட்பேன். அவர் "என்னுதுதான்" என்று சாதிப்பார். அப்போது நான் சொல்ல வேண்டிய பதில்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. ஞாயிறு காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினேன்.

"சண்டைக்குப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் கலா.

மார்க்கெட்டில் அந்தோணி அண்ணன் கோணிமேல் கத்திகளைப் பரப்பிவிட்டுப் பொட்டலம் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நிமிர்ந்து நின்றேன்.

"இந்த வளைவு யாருதுன்னு தெரியுங்களா?"

"உன்னுதுதான்" என்றார் அவர், இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி.

எனக்கு அடுத்த வரியே இல்லை. அவர் மறுத்தால்தான் என் வசனம் மேலே போகும். இப்படிப் பளிச்சென்று ஒப்புக்கொள்வார் என்று யார் கண்டது? கூட்டம் வேறு கூடிவிட்டது. வெள்ளைச் சட்டையோடு சும்மா திரும்பிப் போக முடியுமா? பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவிடம் திரும்பினேன்.

"அக்கா, உங்ககிட்ட ரெண்டு பேர் கத்தியும் இருக்குதா?"

"இருக்குது."

"குடுங்க."

இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் பிடியை இறுக்குகிற ஆணியின் தலை துருத்திக்கொண்டிருந்தது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அதில் மீன் செதில் அடைந்திருந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. வளைவத் திருடலாம், வேலையத் திருட முடியுமா? ஆணி குத்துது. கட்டை ஆடுது. இதெல்லாம் ஒரு வேலையா? இதச் செஞ்சவனுக்கு வெக்கமா இல்ல?"

பிறகு அடுத்ததை எடுத்தேன். "இதப் பாருங்க. கையில வெச்சா தெரியும். ஆணி இருக்கிறதே தெரியல. இதான் வேலை." கட்டைவிரலால் பிடியைத் தடவியும் காட்டினேன்.

அந்தோணி அண்ணன் நிதானமாகக் கை கழுவினார். "தம்பி, இதான் வேலைன்னு காட்டினியே, அந்தப் பிடிய லேசா திருப்பு."

திருப்பினேன். பிடியின் அடியில் சின்னதாக ஒரு சிலுவை கீறியிருந்தது.

"நான் செய்றது எல்லாத்துலயும் அது இருக்கும்" என்றார்.

அஞ்சலை அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஆடுற கத்தி சுனாமிக்கு அப்புறம் உன்கிட்ட வாங்கினதுப்பா. ஆணி குத்துதுன்னுதான் இவருகிட்ட இன்னொன்னு வாங்கினேன். சொல்லலாம்னு பாத்தேன். நீ எங்க பேச வுட்ட?"

அதற்குப் பிறகு மார்க்கெட்டில் அரை மணி நேரம் வியாபாரம் நடந்திருக்காது. ஒரு பெண் சிரிப்பு தாங்காமல் இறால் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐஸில் கிடந்த வஞ்சிர மீன்கள்கூட என்னைப் பார்த்து வாயைத் திறந்தபடிதான் இருந்தன. நான் இரண்டு கைகளிலும் இரண்டு கத்திகளோடு, பார்க்கிறவர்களுக்கு ரவுடி மாதிரியும் எனக்குள் அழுகிற குழந்தை மாதிரியும் நின்றேன்.

என்னைக் காப்பாற்றியது அந்தோணி அண்ணன்தான். "வா, டீ குடிக்கலாம்" என்று தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார்.

டீ பாதி இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டிருக்கணும். கேட்டா குடுத்திருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன்."

"அதான் கேக்கல." கொஞ்சம் டீ குடித்தார். "கத்தின்னா எல்லாரும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் செய்றதுதானப்பா. நீ கத்தியோட கூரான பக்கத்த எப்படி அடிக்கிற? ஊரு வழக்கம்தான?"

"அது ஊருக்குப் பொது. இந்த வளைவு அப்படி இல்லண்ணே. ஒரு மழைக்காலம் பூரா ஒக்காந்து செஞ்சது. எவ்ளோ கட்டை வீணாச்சின்னு என் வீட்ல கேட்டுப் பாருங்க."

அவர் காலி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"உன் பேர சொல்லி நான் விக்கல" என்றார். "ஆனா உன் பேர சொல்லாமயும் வித்துட்டேன். அது தப்புதான். இனிமே வாங்க வர்றவங்ககிட்ட வளைவு உன்னுதுன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

அதோடு நான் எழுந்து வந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் செய்த கத்தி என் கையை விட்டுப் போனாலும் மனதை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, அந்த ஆணிய எப்படி உள்ள அமுக்கினீங்க? நானும் அப்படி செஞ்சிக்கட்டுங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சி சொல்றேன்."

நிஜமாகவே யோசித்தார். ஒவ்வொரு ஞாயிறும் போய் நிற்பேன். "இன்னும் யோசிக்கிறேம்பா" என்பார். கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் காட்டினாரோ, இல்லை வெறுமனே விளையாடினாரோ தெரியாது. ஒரு நாள் அவரே கொட்டகைக்கு வந்து, ஆணி அடிக்கும் முறையைச் செய்து காட்டி, எங்கள் வீட்டில் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் அவசரத்தில் விற்ற கத்திகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கி ஆணி மாற்றிக் கொடுத்தேன். கலா சொன்னபடி அடையாளமும் போட ஆரம்பித்தேன். வெறும் ஒரு பிறை. அதை நானே யோசித்தேன், யாரையும் பார்த்து இல்லை.

அடுத்த வருடம் எங்களுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். நான் எட்டிப் பார்த்து, "பாத்தாலே தெரியுது சிஸ்டர், அப்படியே என்ன மாதிரியே இருக்கான்" என்றேன்.

அரைக் கண் மூடிப் படுத்திருந்த கலா கட்டிலில் இருந்தே சொன்னாள்: "சிஸ்டர், இவர் பேச்ச நம்பிக் குடுத்துடாதீங்க. புள்ள கையில கட்டின சீட்டப் பாருங்க."

அந்த நர்ஸ் நிஜமாகவே பார்த்தார்.

பையன் இப்போது என்னைவிட உயரம். சொந்தக்காரர்கள் யாராவது "அப்படியே அப்பன் ஜாடை" என்றால் போதும், சட்டைக் கையை மடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டுவான். அந்தோணி அண்ணன் வந்திருக்கிற நாளாக இருந்தால் அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு, "யோசிச்சி சொல்றேன்" என்பார்.