மூன்றாவது விசில் வரை

உழவர்கரை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் நெடுமாறனுக்கு,

உன் சித்தப்பா சாமிக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சௌக்கியம். என் முழங்கால்கள் மட்டும் சௌக்கியம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். லியோன் நகரத்துக் குளிரில் உன் உடம்பும், ஞாயிறுதோறும் நீ மலையில் ஓட்டும் சைக்கிளும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறோம். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் "சித்தப்பா, அதெல்லாம் இருக்கட்டும், அப்பா எப்படி இருக்காரு?" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆனாலும் உன் பதற்றம் தெரியும் என்பதால் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்பா நலம். அடுத்த மாதம் நீ போட்டிருக்கும் டிக்கெட்டில் அவரை விமானம் ஏற்றி உன்னிடம் சேர்ப்பது என் பொறுப்பு. பெரிய மார்க்கெட் பக்கம் போய்ச் சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியும் ஆயிற்று. ஆகவே நிம்மதியாக மேலே படி.

உன் அம்மா பாக்கியலட்சுமி போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் வாய் திறக்கவில்லை; நீ ஃபோன் செய்தாலும் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார் என்பது உனக்கே தெரியும். மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அவருடையது. உங்கள் வீட்டில் அவர் உப்பு கேட்டால் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டு ஓடிவருவோம். அப்பேர்ப்பட்ட மனிதர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் கடமையில் குறை வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டுச் சுவர் யார் வீட்டுக்குள் எவ்வளவு வந்திருக்கிறது, எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு காலாப்பட்டு பஸ் ஏறினார், எந்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். செய்தி குறைந்த நாட்களில் சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தேன். பலனில்லை. இந்த நிலையில்தான் நீ, "காட்டு வழியா, மலைமேல, வண்டி அதிகம் போகாத ரோட்டுல சைக்கிள் ஓட்டினா அப்பாவுக்கு மனசு அமைதியாகும்" என்று சொல்லி இரண்டு கியர் சைக்கிளும் இரண்டு ஹெல்மெட்டும் வீட்டுக்கே வரவழைத்தாய். மகனே, அமைதிதான் அவரிடம் மூட்டை மூட்டையாகக் கிடந்ததே. அதைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வேறு போகவேண்டுமா என்று கேட்க நினைத்தேன். பிரான்சில் இருக்கிற பிள்ளை சொல்கிறது, சரி என்று விட்டுவிட்டேன்.

மலை ஏற முதலில் பழகவேண்டும். நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? கடவுள் புதுச்சேரியை இஸ்திரி போட்டு அல்லவா வைத்திருக்கிறார்! கடைசியில் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தைப் பிடித்தோம். காலையில் ஏறுவோம், இறங்குவோம், திரும்பி ஏறுவோம். தினமும் மில்லுக்குச் சைக்கிளில் போய்வந்த கால்கள் அல்லவா, அண்ணன் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடா மாதிரி போய்ப் போய் வந்தார். நான் பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளுவேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வண்டியை நிறுத்தி, "அண்ணே, பஞ்சரா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு வாரத்தில், உழவர்கரையிலேயே அதிகமாகப் பஞ்சரான மனிதன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது.

கல்வராயன் மலை என்று முடிவு செய்தோம். கொளஞ்சி என்று ஒரு டிரைவர், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருபவர். காலியாகத் திரும்பும் அவருடைய குட்டியானை வண்டியில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தமிழ்நாட்டு எல்லையில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டி, அதில் இரண்டு பெரிய மனிதர்கள், சைக்கிளுக்கு ஒரு பாட்டில் என்றால் அவர்தான் என்ன செய்வார்? இரண்டையும் திறந்து முகர்ந்தார். நம்பாமல் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார். "என்னாங்க இது?" "சீரகத் தண்ணி சார், வாய்வுக்கு நல்லது." அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. கொளஞ்சிக்குத்தான் தாங்கவில்லை. "பாண்டிலேர்ந்து வரீங்க, ரெண்டு பாட்டிலு வச்சிருக்கீங்க, ரெண்டுலயும் சீரகத் தண்ணியா? வெளிய சொல்லிடாதீங்க அண்ணே, ஊருக்கே அசிங்கம்."

மலையடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அங்கேயே நிற்பதாகச் சொல்லிப் போனார். நீ சொன்னது உண்மைதான் நெடுமாறா. அப்படி ஒரு ரோட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் காடு, மூங்கில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், வளைவுக்கு வளைவு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நம்மை எடைபோடும் குரங்குகள். வண்டி இல்லை, ஹாரன் இல்லை. அந்த அமைதி அண்ணனைத் தின்றுவிடக்கூடாதே என்று நான் பேசிக்கொண்டே மிதித்தேன். மூன்றாவது வளைவில் காலாப்பட்டு மாப்பிள்ளை கதை பாதியில் நின்றது. கதை தீரவில்லை, மூச்சு தீர்ந்தது. அதன்பிறகு எங்கள் இரண்டு பேரின் சங்கிலிச் சத்தம் மட்டும்தான்.

அங்கேதான் வினை. ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி ரோட்டோரம் நின்று, "யாரு வூட்டுக்குப் போறீங்க?" என்றாள். யார் வீட்டுக்கும் இல்லை, பாண்டிச்சேரியிலிருந்து சும்மா வந்தோம் என்றேன். "சும்மாவா? இம்மாம் ஏத்தத்துலயா? சைக்கிள்லயா?" அவள் பார்வை ஹெல்மெட்டில் நின்றது. "நெலம் அளக்க வந்தவங்களா?" குரலே மாறிவிட்டது. நம் பக்கம் துக்கத்துக்குப் போகிறோம் என்றால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? அந்த நம்பிக்கையில், "ஒரு துக்கம்மா..." என்றேன். அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "அய்யோ, நர்சம்மா வூட்டுக்கா? ராஜாங்கம் வூட்டுக்கா?" என்றாள். இல்லை என்று சொல்ல மூச்சு வேண்டுமே! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்குப் பேச்சு வரவில்லை, அந்த நேரம் பார்த்துத் தலை தானாக ஆடிவிட்டது. அவள் இடுப்பிலிருந்து செல்ஃபோனை எடுத்தாள்.

மேலே ஊர் எல்லையில் பத்துப் பேர் செம்பில் தண்ணீரோடு நிற்கிறார்கள். எங்கள் கையிலிருந்து சைக்கிளை வாங்கி அவர்களே தள்ளினார்கள். "பாண்டிச்சேரிலேர்ந்து சைக்கிள்லயே வந்திருக்காங்க" என்று ஒரு அம்மா வாய்விட்டு அழுதாள். குட்டியானையைப் பற்றிச் சொல்ல அது நேரமா? அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ராஜாங்கம் என்பவர் அண்ணன் வயதுக்காரர். மனைவி நிர்மலாதேவி அந்த ஊர் நர்ஸ். போய் இரண்டு மாதம். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ பாண்டிச்சேரிலதாங்க நர்ஸு படிச்சா. அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரும் வரலியேன்னு இருந்தேன்" என்றார். இதற்குமேல் நான் எப்படி மறுப்பது? "அதெப்படிங்க வராம இருப்போம்? அந்தம்மா ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. என் தங்கச்சி மாதிரி..." என்று ஆரம்பித்துவிட்டேன். தங்கை என்று சொன்ன வாய் அடுத்து அவளுக்கு ஒரு சீர்வரிசையும் செய்திருக்கும்.

"இவன் பொய் சொல்றான்."

மில் குரல். கூரை மேலிருந்த கோழி கீழே குதித்து ஓடியது. எட்டு மாதத்துக்குப் பிறகு உன் அப்பா பேசிய முதல் வார்த்தை இதுதான் மகனே. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. பத்துப் பேர் முன்னால் பொய்யன் என்று பெயர் வாங்கி, அதற்காகக் கையெடுத்துக் கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணன் நிறுத்தவில்லை. "உங்க வூட்டம்மாவ நாங்க பார்த்ததே இல்லீங்க. சும்மா சைக்கிள் ஓட்ட வந்தோம். மன்னிச்சுக்கணும். என் வூட்டுக்காரி போயி எட்டு மாசமாவுது." அவ்வளவுதான். அடிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ராஜாங்கம் பாயைத் தட்டிப் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் கேட்டார்: "பருப்புக்குக் குக்கர்ல எத்தினி விசிலுங்க? ஒருநாள் வச்சுட்டு நின்னேன். அதுபாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்குது, எப்ப நிறுத்தணும்னு தெரியல. யார்கிட்ட கேக்கறது?"

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வாயெடுத்தேன். எனக்கும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

ராஜாங்கம், "மூணு" என்றார். "அவ டூட்டிக்குப் போயிடுவா, நான்தான் சமைப்பேன். அவளுக்கு நாலு விசிலு வேணும், நான் மூணுல எறக்கிடுவேன். அதுக்குன்னே தெனம் சண்டை. இப்ப சண்டை போட யாருமில்ல, வைக்கறதே இல்லீங்க. பக்கத்துல குடுக்கறத துன்றேன்."

"இப்ப வைங்க. துன்ன நான் இருக்கேன்ல?"

வைத்தார். வந்தவர்கள் கலைந்து போனார்கள். நாங்கள் மூன்று பேர் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே காடு, உள்ளே குக்கர். முதல் விசில் அடித்தது. இரண்டாவது அடித்ததும் நான் ஏதோ சொல்ல வந்தேன். அண்ணன் ஒரு விரலைத் தூக்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது விசில் வந்தது. ராஜாங்கம் இறக்கவில்லை. நான்காவதும் அடிக்கட்டும் என்று விட்டு, பிறகுதான் இறக்கினார். குழைந்துபோன அந்தப் பருப்பை அண்ணன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, இத்தனை நாள் ஏன் அண்ணே பேசவே இல்லை என்று கேட்டேன். "டேய் சாமிக்கண்ணு, எட்டு மாசமா நீ எங்கடா வாய மூடின, நான் பேச?" என்றார். அந்த வளைவில்தான் நான் விழுந்தேன். முழங்கால் விஷயம் இதுதான்.

ஆக, நீ நினைத்தபடி அப்பா தெளிந்துவிட்டார். டிக்கெட் தேதிக்கு நானே சென்னை வரை போய் ஏற்றிவிடுகிறேன். குளிருக்கு நல்ல கம்பளி வாங்கி வை. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அம்மாவின் ஆசியும் எங்கள் ஆசியும் உன் சைக்கிளின் பின்சீட்டில் எப்போதும் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா,
சாமிக்கண்ணு

பின்குறிப்பு: இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அடுத்த மாதம் வருகிறேன் என்று ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டாராம். சக்கரம் வைத்த நீலப் பெட்டி, ஒரு புதுக் குக்கரோடும் உன் சித்தி அரைத்த ரசப்பொடியோடும், எனக்கே தெரியாமல் நேற்றே கொளஞ்சியின் வண்டியில் மலையேறிவிட்டது. இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அங்கே தனியாக இருக்கிறாயே, நீ எத்தனை விசில் வைக்கிறாய்? பதிலை எனக்கு எழுதாதே. அவருக்கே ஃபோன் போட்டுச் சொல். காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்.