சாமிதுரை வாங்கிய கனத்த ட்ரம்பெட்

உலகில் எந்தப் பேரரசும் எக்காளம் முழங்காமல் எழுந்ததில்லை. சோழர் தலைநகரத்துக்குப் பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போய்விடலாம் என்ற ஒரே தகுதியால், உடையார்பாளையம் சாமிதுரைக்கு இந்த விஷயத்தில் தனிப் பொறுப்பு இருந்தது. அந்தப் பொறுப்பு இப்போது ஆபத்தில் இருந்தது. மகள் தென்றலின் ட்ரம்பெட்டில் நடுப் பட்டன் சிக்கிக்கொண்டது.

தென்றல் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி பேண்ட் குழுவில் ட்ரம்பெட் அவளுடையது. குடியரசு தினத்தன்று அரியலூர் மைதானத்தில் கொடி ஏறுவதற்கு முன்னால் அரை நிமிடம் அவள் தனியாக ஊத வேண்டும். இந்த அரை நிமிடத்துக்கு சாமிதுரை நாற்பது சொந்தக்காரர்களை அழைத்திருந்தார். வெற்றிலைபாக்கு வைக்காததுதான் குறை.

"சிக்குன பட்டனோடயா கலெக்டர் முன்னாடி நிப்ப? புதுசு வாங்கிடுவோம்."

"பேண்ட் மாஸ்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாம்பா."

"கேட்டா அவருக்கு விஷயம் தெரிஞ்சிடும். அந்த அரை நிமிஷத்தத் தூக்கி அந்தக் கீதாஞ்சலிகிட்ட குடுத்துடுவாரு."

கீதாஞ்சலி, பங்காளி அறிவரசனின் மகள். அதே குழுவில்தான் ஊதுகிறாள். அவள் ஊதி இவர் கைதட்டுவதைவிட, கொடி ஏறாமலே இருப்பது நாட்டுக்கு நல்லது என்று சாமிதுரை கருதினார்.

திருச்சிக் கடையில் மூன்று ட்ரம்பெட்டுகளை எடுத்து வைத்தார்கள். தென்றல் மூன்றையும் ஊதிப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் வேணாம். வாயில வைக்கிற முனைய மட்டும் நல்லதா மாத்துனா எனக்குப் போதும்."

"முனை வாங்கவா கார் எடுத்துட்டு இம்மாந்தூரம் வந்தேன்?"

சாமிதுரை மூன்றையும் தூக்கிப் பார்த்தார். கரும்புக் கட்டைத் தூக்கியே எடை சொல்லும் கை அது.

"இதுதான் கனமா இருக்கு."

"மிலிட்டரி பேண்டுல விரும்பிக் கேப்பாங்க சார்," என்றார் கடைக்காரர். இரண்டு வருடமாக அதை யாரும் விரும்பிக் கேட்காததை அவர் சொல்லவில்லை.

பத்து நிமிடம் பட்டன்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெண்ணெ மாதிரி எறங்குது" என்று சாமிதுரை தீர்ப்பளித்தார். ஊதிப் பார்ப்பதெல்லாம் ஊதுகிறவர்கள் வேலை.

வீட்டில் அவருடைய அக்கா பச்சையம்மாள் காத்திருந்தாள்.

"டிராக்டருக்கே பொட்டு வச்சோம். இதுக்கு வைக்கலன்னா எப்படிடா?"

மூன்று பட்டனுக்கும் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். மறுநாள் காலை மூன்றும் அசையவில்லை. பழையதில் ஒரு பட்டன்தான் சிக்கியிருந்தது. இது உயர்ந்த ரகம்.

"கொஞ்சம் எண்ணெ விட்டா சரியாப் போயிடும்," என்றாள் மனைவி அம்பிகா. கொஞ்சம் என்பது அவள் கையில் அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெய்.

தை மாதக் குளிர். குடியரசு தினம் விடியும்போது எண்ணெய் உறைந்து, சந்தனத்தோடு சேர்ந்து, அரியலூர் சிமெண்ட் ஆலைகள் பார்த்தால் வெட்கப்படும் பதத்தில் இறுகியிருந்தது.

போர்வெல் மோட்டார் மெக்கானிக் கலைவாணனைக் கூப்பிட்டார்கள். அவன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ளார வால்வுதானண்ணே. நான் பாக்காத வால்வா?"

ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். மூடி கழலவில்லை, பளபளப்பு கழன்றது. கடைசியில் ஒரு விரல் கிரீஸை எடுத்து அப்பினான்.

"ஊறுனா எறங்கிடும். நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க."

எதைப் பார்த்துக்கொள்வான் என்று யாரும் கேட்கவில்லை.

தென்றல் மட்டும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பொங்கலை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டாள்.

"பாவம் புள்ள, அதிர்ச்சியில இருக்கு," என்றாள் அம்பிகா.

"பயப்படாத தாயி," என்றார் சாமிதுரை, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தபடி.

"நான் பயப்படலப்பா. நீங்க சட்டைய மாத்துங்க, கிரீஸா இருக்கு."

மைதானத்தில் நாற்பது சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். அறிவரசன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தென்றல் முன்னால் வந்து ட்ரம்பெட்டை உயர்த்தியதும் சாமிதுரை கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார்.

சத்தம் வந்தது. பிசிறில்லாமல், மைதானத்தின் கடைசி வரை போய்த் திரும்பியது. சாமிதுரை கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அறிவரசனும் தட்டினார்.

"நல்லா ஊதுச்சு புள்ள."

"சும்மாவா? மூணு பட்டனும் ஓடுன ஓட்டத்தப் பாத்தல்ல? திருச்சியிலயே இது ஒண்ணுதான் இருந்துச்சு. வாத்தியம்னா பட்டன்தாம்ப்பா. பட்டன் தெரியாதவன் வாத்தியம் வாங்கப் போவக் கூடாது."

சொந்தக்காரர்கள் சுற்றிக் கூடினார்கள். பட்டனின் இலக்கணம் பற்றி அவர் ஒரு சிற்றுரை நிகழ்த்தி முடிக்கும்போது பேண்ட் மாஸ்டர் இளவரசன் வந்து கை கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க சார்," என்றார் சாமிதுரை, அறிவரசனுக்கும் கேட்கும்படி. "பட்டன் மட்டும் மக்கர் பண்ணியிருந்தா நம்ம மானம் என்னாயிருக்கும்?"

இளவரசன் குழப்பத்தோடு அவரைப் பார்த்தார்.

"இது பியூகிள் மெட்டுங்க சார். எல்லாம் உதட்டுலயேதான். இதுக்குப் பட்டனத் தொடவே வேண்டியதில்லீங்க."