சுடுசொல் இல்லா நாட்கள்

முனிவர்களாலும் ஒழிக்க முடியாத சுடுசொல்லை ஒரு தகரப் பலகையாலும் ஒரு துண்டு சாக்பீஸாலும் ஒழித்த பெருமை, கட்டட வேலையிடம் ஒன்றின் பாதுகாப்பு மேற்பார்வையாளரையே சேரும். அவர் வேலையிட வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்றொரு பலகை உண்டு. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவனைக்கூட மறுநாள் தூக்கிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, வருகைப் பதிவில் கைநாட்டு வாங்கிவிடுவார். ஆள் வேலைக்கு வந்தாயிற்று. ஆகவே விபத்து நடக்கவில்லை. எண் ஒன்று கூடும்.

இந்த விஞ்ஞானம் வீட்டுக்கும் வந்தது. சமையலறைக் கதவில் ஏறியது பலகை: 'சுடுசொல் இல்லா நாட்கள்.'

பன்னிரண்டாம் நாள். ஆயத்த ஆடை ஆலையில் பதினாறு வருடம் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த மனைவிக்கு அன்றுதான் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னாள்.

"உன்னையா? அங்க வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் புருஷன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. உடனே விசாரணை தொடங்கியது. குற்றவாளியே விசாரணை அதிகாரி என்பதால் தாமதமில்லை.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"இன்னைக்குச் சமைப்பியா?"

"சமைக்காம? வயிறுன்னு ஒண்ணு இருக்கே."

"அப்ப வேலை தடைபடல. சம்பவம் பதிவுக்குரியது அல்ல."

"தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"சொன்னா விபத்துன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி. பலகைய அழிக்கணுமே!"

எண் பதின்மூன்று ஆயிற்று.

நாற்பதாம் நாள், "உன் மூளைக்கு இது போதும்" என்றது 'லேசான உராய்வு' எனத் தீர்ப்பானது. அறுபதாம் நாள், அவள் தம்பி முன்னாலேயே "தண்டம்" என்றது 'கருவிக் கோளாறு'. நாக்கும் ஒரு கருவிதானே? அதன்பின் அவள் பேச்சைக் குறைத்தாள். 'நிலைமை சீரடைந்தது' என்று குறிப்பெழுதினார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அக்கா வாயே திறக்கறதில்லையே?"

"அதான்டா முன்னேற்றம்! சண்டையே இல்ல, பாத்தியா?"

"சண்டை இல்ல, சரி. பேச்சும் இல்லையே மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான், போடா."

நூறாம் நாள் காலை. பலகையோடு படம் எடுத்துக்கொள்ள மனைவியைக் கூப்பிட்டார். பையோடு வந்து நின்றாள்.

"இப்பவாவது அந்த ஒரு வார்த்தையச் சொல்லுவீங்களா?"

வாயெடுத்தவர் பலகையைப் பார்த்தார். மூன்று இலக்கம்! "நூறைத் தொட்டிருக்கோம். இந்த நேரத்துலயா?"

வாசலில் காத்திருந்த தம்பியோடு படியிறங்கிப் போனாள். 'சொந்த விடுப்பு' என்று குறித்துக்கொண்டார்.

இன்று எண் நானூற்றைத் தாண்டிவிட்டது. அதைவிடப் பாதுகாப்பான வீடு உலகத்தில் இல்லை என்பதை எதிரியும் ஒப்புக்கொள்வான். அடிபட அங்கே ஆள் இல்லை.