வால்வு மைக்கும் ஒரு ‘உம்’மும்

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. பழைய வால்வு மைக்கின் பவர் சப்ளைப் பெட்டி மூடியைக் கழற்றிப்போட்டு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது.

"விடிஞ்சதிலேர்ந்து இதையே நோண்டிக்கிட்டு இருக்கீங்களே, என்னதான் கோளாறு?" என்றாள் ஒலிப்பதிவாளரின் மனைவி.

"உம்முனு சத்தம் வருது."

மனைவி ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? அதுக்குன்னு ஒரு காது வேணும்."

உண்மையில் ஒலிப்பதிவாளருக்கும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் ஒத்திகையில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டு, "மைக் உம்முங்குது. உங்களுக்குக் கேக்கலையா?" என்றபோது, இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவர் வேறு என்ன சொல்வார்? "ஆமாம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டார்.

பெரிய பாடகி. எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் காதில் வாங்குவார். இந்தப் பழைய மைக் இருப்பதால்தான் இந்த வீட்டுப் பின்னறை ஸ்டுடியோவுக்கே வருகிறார். இன்று பதினோரு மணிக்குப் பாட வரும்போதும் ‘உம்’ இருந்தால், பதிய வேண்டிய பன்னிரண்டு பாட்டும் எதிர்த்தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அது மனைவியின் அண்ணனுடையது. பாட்டு போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மச்சானிடம் போவதை எப்படிப் பொறுப்பது?

முதலில் பெட்டிக்கும் மைக்குக்கும் நடுவே இருந்த கேபிளை மாற்றினார். ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"அப்பாடா, இப்பத்தான் எனக்கே கேக்குது" என்றார் சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ரேடியோக்காரரைப் போன் போட்டு வரவழைத்தார். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கரகர இருக்கட்டும் சார், அதுக்கு அடியில உம்முனு ஒண்ணு ஓடுதே."

"உங்களுக்கும் கேக்குதா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? தெருமுனையில வரும்போதே கேட்டுச்சு. கண்டென்சர் போயிருக்கு."

இருந்ததிலேயே பெரிய கண்டென்சரைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார்கள். கரகர நின்றது. ஒலிப்பதிவாளர் மைக் முன்னால் இருமிப் பார்த்தார். இருமலும் கேட்கவில்லை.

"உம் போயிடுச்சு பாத்தீங்களா?" என்றார் ரேடியோக்காரர்.

"கூடவே மைக்கும் போயிடுச்சேய்யா."

"அது வால்வு கோளாறு. எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

ரேடியோக்காரர் பையிலிருந்து ஒரு வால்வை எடுத்துச் சொருகி, ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். பெட்டியிலிருந்து புகை வந்தது. வீட்டில் கரண்ட் போயிற்று.

அடுத்த அறையில் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள்.

"எக்ஸோட மதிப்பு என்னன்னு சொல்றதுக்குள்ள போச்சு. முப்பது பிள்ளைங்க அந்தரத்துல நிக்குதுங்க."

ரேடியோக்காரர் ஃபியூஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார். மணி பத்தேமுக்கால். ஒலிப்பதிவாளர் மனைவி பக்கம் திரும்பினார்.

"உன் டியூஷன் மைக்கைக் கொஞ்சம் குடும்மா."

"இது பிள்ளைங்களை அதட்டுற மைக்குங்க."

"பரவாயில்லை, குடு."

வால்வு மைக்கின் உள்ளே இருந்ததையெல்லாம் உருவிவிட்டு, அந்தக் குட்டி மைக்கை வலைக்கூட்டுக்குள் செருகி மூடினார். வாசலில் கார் நின்றது.

பாடகி வந்தார், பாடினார், ஒரு பாட்டை முழுசாக முடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூச்சே விடவில்லை.

"உம் சுத்தமா போயிடுச்சு. என்ன இருந்தாலும் பழைய மைக் பழைய மைக்தான்" என்றார் பாடகி. "மிச்சம் பதினோரு பாட்டும் இங்கேயே."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஒலிப்பதிவாளருக்கு அழுகை வரும்போல இருந்தது, நிம்மதியில்தான்.

தண்ணீர் கேட்டு உள்ளே வந்த கார் டிரைவர், மேஜையில் கருகிக்கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"அந்த உம் சத்தத்தைச் சரி பண்ணினேன்பா. லேசுப்பட்ட வேலையில்ல."

டிரைவர் பின்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு இதை எதுக்கு சார் பிரிச்சீங்க? அம்மாவோட காது மிஷின்தானே ஒரு வாரமா உம்முனுச்சு. நேத்துதான் கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வந்தோம்."