ஜப்பான் பல் டொக்டரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னது

பலெர்மோ,
ஐப்பசி, வெள்ளி

மதிப்புக்குரிய சிறீஸ்கந்தராசா அத்தானுக்கு,

அக்கா இல்லாத வீட்டுக்கு நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. ஆகையால் நேரே என் பல்லுக்கு வருகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அக்காவின் செத்தவீட்டை நான் மொண்டெல்லோவில், வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக் குசினியில், கோப்பை கழுவுகிற இடத்தில் போனைச் சாய்த்து வைத்துத்தான் பார்த்தேன். என்னுடைய பெர்மெசோ, அதுதான் இங்கே இருக்க விடுகிற அட்டை, இன்னும் புதுப்பித்து வரவில்லை. ஊருக்கு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். அக்காவைப் படலை தாண்டித் தூக்கும்போது சவர்க்கார நுரை போனில் பட்டு, படம் நின்றுவிட்டது. அழுகை வரவில்லை அத்தான். அதற்குப் பதிலாகப் பல் நோவு வந்தது. கராம்பு வைத்தேன், உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன், முகம் பலாப்பழம் போல வீங்கியதும் என்னோடு வேலை செய்கிற பீலிக்ஸ், "அண்ணை, வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு ஜப்பான்காரி பல்லுப் பிடுங்குறா. இஞ்சத்தை ஆளைக் கலியாணம் கட்டினவ. கை பஞ்சு மாதிரி" என்று இழுத்துக்கொண்டு போனான்.

டொக்டர் மொரி என்று பெயர். என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். மரியாதையில் தோற்கக்கூடாதென்று நானும் இன்னும் குனிய, வீங்கின கன்னம் மேசையில் இடிபட்டது. ஊசி போட்டுவிட்டு, விறைக்கும் மட்டும் பேச்சுக் கொடுத்தார். "சகோதரங்கள் இருக்கினமோ?" என்று இத்தாலியனில் கேட்டார். "ஓம், ஒரு அக்கா இருக்கிறா" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பிழை தெரிந்தது. "இருந்தா" என்று திருத்த வேண்டும். அதற்கு இத்தாலியனில் "செரா". அதற்குள் விறைத்துப்போன நாக்கு "ஸெரா" என்கிறது. ஸெரா என்றால் பின்னேரம். "பின்னேரம் வரப்போறீங்களோ?" என்றார் டொக்டர். இல்லை, ஸெரா, ஸெரா என்று நான் கத்தக் கத்த, வெளியில் காத்திருந்த கிழவர் ஒருவர், யாரோ மாலை வணக்கம் சொல்கிறார்கள் என்று "புவொனஸெரா!" என்று பதில் தந்தார். அக்கா மேலே போய்விட்டா என்று கையைக் காட்டினேன். வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாக்கும் என்று டொக்டர் லைட்டை நூர்த்துவிட்டார்.

அந்த மங்கலுக்குள்தான் எனக்கு அழுகை வந்தது அத்தான். வாய்க்குள் பஞ்சு, மூக்கடைப்பு, மூச்செடுக்க வழியில்லை, ஆனாலும் நிற்கவில்லை. "நோகுதோ?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தபடி பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு மெல்ல, "அக்கா... செரா?" என்றார்.

"ம். செத்தவீட்டுக்குப் போகேல்லை."

"என்ர அம்மாவும் செரா. நானும் போகேல்லை."

அதன் பிறகுதான் பல்லைப் பிடுங்கினார். நொந்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்போது பல்லும் போய்விட்டது, அழுகையும் முடிந்துவிட்டது. என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நீங்கள் சாப்பிடாமல் படுத்தால் எனக்குச் சொல்லும்படி உங்கள் மகள் தனுசியாவிடம் கேட்டிருக்கிறேன். நல்லூரான் உங்கள் பக்கத்தில், அக்கா இருந்த பக்கமாக, வந்து இருக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் அருளையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது விறைப்பு இறங்கிவிட்டது. நாக்கால் தடவிப் பார்த்தேன். நோவுகிற பல் அப்படியே இருக்கிறது. போனது பக்கத்துப் பல். டொக்டரில் பிழையில்லை. அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டி "இதுவோ?" என்று கேட்டபோது, நான் அழுதுகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். அழுகையும் முடியவில்லை அத்தான். செவ்வாய்க்கிழமை திரும்பவும் போகிறேன். பல்லுக்குத்தான் என்று பீலிக்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.