கறுப்பு வாளியும் ஓர் ஆராய்ச்சி இடமும்

ஒளிவுமறைவற்ற போட்டி என்று உலகத்தில் ஒன்று மிச்சமிருக்குமானால், அது உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்கு ஆள் எடுக்கும் பல்கலைக்கழகப் போட்டிதான். இருப்பது ஒரே இடம். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். யாரை எடுப்பது என்கிற தலைவலியை மட்டும் நிர்வாகம் முன்கூட்டியே தீர்த்துவைத்திருக்கும்.

முறையும் எளிது. முதலில் பேராசிரியருக்கு, ‘தங்கள் கட்டுரைகளைப் படித்து வியந்தேன்’ என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வியந்தால் போதும், படிக்க வேண்டியதில்லை. ஊரறிந்த இந்த மரபு, இந்த வருடம் விண்ணப்பித்த ஒரு தையல்காரர் மகளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் படித்துத் தொலைத்துவிட்டாள்.

படித்ததோடு விட்டாளா? கொசு கறுப்பு வாளியில்தான் விரும்பி முட்டையிடும் என்று ஒரு கட்டுரையில் பேராசிரியர் ‘நிறுவி’யிருந்தார். அடுத்த கட்டுரையில், கறுப்பு வாளி என்றாலே கொசுவுக்கு ஆகாது என்றும் ‘நிறுவி’யிருந்தார். இரண்டுக்கும் ஒரே புகைப்படம். எதுதான் நிஜம் என்று பார்க்க, மொட்டைமாடியில் கறுப்பு வாளி ஒன்றும் வெள்ளை வாளி ஒன்றும் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

“ஊரே கொசுவை ஒழிக்குது, நீ வளர்க்கிறியே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இந்த ஒரு தடவைதாம்மா. வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. கிடைக்கலேன்னா அப்பாவோட உக்காந்து பட்டன் தைக்கிறேன்.”

அப்பா காலைச் சொறிந்தபடி மெஷினை மிதித்தார். “விடு, படிப்புக்காகத்தானே கடிக்குது” என்றார்.

நேர்முகத் தேர்வு வந்தது. மேசைக்குப் பின்னால் பேராசிரியர், துறைத் தலைவர், ‘வெளி நிபுணர்’ ஒருவர். வெளி நிபுணர் தம் பதவிக்கேற்பச் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியரின் பையை இரண்டு வருடமாகத் தூக்கிவரும் ‘பை தம்பி’ எல்லாருக்கும் டீ கொடுத்தான். அவனும் அதே இடத்துக்கு விண்ணப்பித்தவன்தான். போட்டியாளருக்குப் போட்டியாளரே டீ தரும் நாகரிகம் வேறெங்கே உண்டு?

“என் கட்டுரைகளைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று பேராசிரியர் கேட்டார்.

“படிச்சேன், சார்.”

“முழுசாவா?” பேராசிரியர் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார்.

“முழுசா, சார். ஏழாம் பக்கத்துப் படமே அடுத்த கட்டுரையிலயும் இருக்கு. முடிவு மட்டும் தலைகீழ். வீட்டுல செஞ்சு பார்த்தேன், முதல்ல சொன்னதுதான் சரியா வருது.”

துறைத் தலைவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?” துறைத் தலைவர் அன்பொழுகக் கேட்டார்.

“அப்பாகிட்ட மட்டும், சார்.”

“அவர் எந்தப் பல்கலைக்கழகம்?”

“தையல்கடை, சார்.”

மூன்று பேருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது.

இடம் பை தம்பிக்குப் போயிற்று. அவளுக்கு வந்த பதில்: ‘ஆராய்ச்சி மனப்பான்மை அளவுக்கு மீறி உள்ளது. துறையின் அமைதிக்கு உகந்ததல்ல.’ மொட்டைமாடியில் வாளிகளைக் கவிழ்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அப்பா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, நான்தான், அன்னைக்கு டீ குடுத்தேனே! கொசு முட்டையில முரண்பாடுன்னு எனக்குத் தலைப்பு குடுத்துட்டாங்க. ஏழாம் பக்கம்னு என்னமோ சொன்னீங்களே, அதுல என்னக்கா தப்பு?”

“நீங்க அதைப் படிக்கலையா தம்பி?”

“நான் எங்கக்கா படிக்கிறது? எழுதின ஐயாவே இன்னும் படிக்கலையாம். அவருதான் உங்களைக் கேக்கச் சொன்னாரு.”