ராஜாவுக்குப் பசியில்லை

"இதுல என்ன இருக்கு?"

"ரொட்டிக்குள்ள சூப்பு."

"ரொட்டி இல்லாம கிடைக்குமா?"

"ரொட்டிதானே கிண்ணம்? அது இல்லாம எதுல ஊத்துறது மகாராஜா, உங்க கிரீடத்துலயா?"

சூப்புக் கடைக்காரி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டாள். வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. மதிய விருந்துக்கு மணி அடிக்கப் போகிறார்கள். அதற்குள் தன் வயிறு ஏற்றுக்கொள்ளும்படியாக ஏதாவது ஒன்றை அவர் தேடிப் பிடித்தாக வேண்டும்.

வார நாட்களில் வெண்டல் ஒரு டயர் கடையில் பில் போடுபவர். அங்கே வருகிறவர்கள் டயரைத்தான் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பதில்லை. ஆனால் கோடை முடியும் சமயம் ஓஹையோவின் சோளக் கொல்லைகளுக்கு நடுவே, பழங்கால ஐரோப்பிய ராஜா ராணி வேஷம் கட்டிக் கூத்தடிக்கும் மறுமலர்ச்சிக் காலச் சந்தை கூடிவிட்டால், சனி ஞாயிறுகளில் அவர்தான் மகாராஜா. பல வருஷமாக வேறு யாரும் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததில்லை. ஒட்டுத் தாடி கிடையாது, பஞ்சுத் தொப்பை கிடையாது, எல்லாம் சொந்தச் சரக்கு. வான்கோழித் தொடையை இரண்டு கையாலும் பிடித்து அவர் கடித்து இழுக்கும் அழகைப் பார்க்கவே ஜனங்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் சிம்மாசனத்தின் படிகளை ஏறுவதற்குள் ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. முட்டி வலி, சர்க்கரை, இரவெல்லாம் குறட்டை. டாக்டர் சொன்னதைக் கேட்டு வசந்த காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்டார். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள். இப்போது நாலு கரண்டி சாப்பிட்டால் போதும். ஐந்தாவது கரண்டி வந்த வழியே திரும்பிவிடும். அவரும் சந்தோஷமாக இளைத்தார், மாடிப்படி ஏறினார், நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரே சிக்கல், இது மேவிஸுக்குத் தெரியாது.

மேவிஸ் சந்தையின் முதலாளியம்மா. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை ஃபுளோரிடாவில் வெயில் காய்ந்துவிட்டு, சந்தை கூடும்போதுதான் ஊர் திரும்புவார். "தொப்பையில்லாத ராஜான்னா தலையில வாளியைக் கவுத்துன ஆளு, அவ்வளவுதான்" என்பது அந்த அம்மாளின் அசைக்க முடியாத கருத்து. இன்று சந்தையின் முதல் நாள். வெண்டல் வெல்வெட் அங்கிக்குள் இரண்டு தலையணைகளை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர், காருக்குள் வெந்து வேறு ஏதோவாக மாறியிருந்தது. சந்தையிலோ சீஸை மாவில் தோய்த்துப் பொரித்திருந்தார்கள். முட்டையைக் கறியால் மூடி, கறியை ரொட்டித்தூளால் மூடி, அதையும் பொரித்திருந்தார்கள். பொரிக்காமல் விட்டவற்றின் தலையில் சர்க்கரையைக் கொட்டியிருந்தார்கள். சர்க்கரை பட்டாலே வெண்டலுக்கு வியர்த்துக் கொட்டித் தலை சுற்றும்.

"தேடுறதை விடு. நாமளே செஞ்சிடலாம்" என்றாள் லோரெட்டா. மற்ற நாட்களில் பள்ளி பஸ் ஓட்டுகிற அவள்தான் இங்கே மகாராணி. விஷயம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

"எதை?"

"வான்கோழித் தொடைய."

சூப்பிலிருந்து பீன்ஸை மட்டும் வடித்து வாங்கினாள். முட்டைக் கடையில் வாங்கிய முட்டையின் மேலங்கிகளைக் கத்தியால் சுரண்டி எறிந்தாள். இரண்டையும் பிசைந்து, சமையல்கூடத்தில் கிடைத்த வெந்த எலும்பு ஒன்றின்மேல் அப்பிப் பிடித்து, மேலே குழம்பைத் தடவினாள்.

"நிஜத் தொடையே இதப் பார்த்தா வெட்கப்படும்" என்றார் வெண்டல், நெகிழ்ந்துபோய்.

"நீ சின்னச் சின்னதா நக்கு. கடிக்கிற மாதிரி தலைய மட்டும் ஆட்டு."

எக்காளம் ஊதினார்கள். ராஜா மேடையேறினார். ஜனங்கள் மண்டியிட்டார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் வருஷம் முழுக்க டயருக்குப் பில் போட்டார்.

"யாரங்கே! கொண்டு வாருங்கள் என் உணவை!"

தட்டு வந்தது. வெண்டல் தொடையை உயரத் தூக்கிக் காட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. நடுப்பகல் வெயில் குழம்பின்மேல் விழுந்தது. தொடை மெல்ல எலும்பை விட்டு இறங்கத் தொடங்கியது. ராஜா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் நழுவி, 'சொத்'தென்று சிம்மாசனத்தின் காலடியில் விழுந்தது. மேடையோரம் வேட்டைக்காரன் வேஷத்தில் நின்றவரின் நாய் ஒரே வாயில் அதை முடித்துவிட்டு, ராஜாவை நன்றியோடு பார்த்தது.

கையில் வெறும் எலும்பு.

"பாருங்க! ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். கைதட்டல் வானைப் பிளந்தது.

கடைசியில் நின்றிருந்த மேவிஸுக்கு முகமெல்லாம் பல். "ராஜாவுக்கு இன்னும் ரெண்டு கொண்டாங்கடா!" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு நிஜத் தொடைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் வெண்டலின் முழங்கை நீளம்.

"இப்ப என்ன பண்ண?" என்றார் வெண்டல் உதடு அசையாமல்.

"துக்கம்னு சொல்லு" என்றாள் பக்கத்தில் மகாராணியாக உட்கார்ந்திருந்த லோரெட்டா.

வெண்டல் எழுந்தார். "என் அன்பு மக்களே! இன்று என் இரண்டாம் மனைவியின் நினைவு நாள். இந்த வாயில் உணவு இறங்காது!"

"அவ தலைய வெட்டச் சொன்னதே நீதானேய்யா!" என்றது கூட்டம். சிரிப்பு அடங்கியதும், "தின்னு! தின்னு!" என்று கோஷம் கிளம்பியது. பெஞ்சுகளில் தாளம் வேறு.

வெண்டலின் மூளை கடைசியாக ஒரு கதவைத் திறந்தது.

"பொறுங்கள்! இதில் விஷம் கலந்திருக்கிறது என்று ஒற்றன் சொல்கிறான். முதலில் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். உயிரைக் கொடுக்க யார் தயார்?"

முன்வரிசையில் இருந்த ஒரு பிரம்மாண்டமான மனிதர், அவர் பேசி முடிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தார். பெயர் கிராடி என்றார். அவர் ஏறியபோது மேடைப் பலகை முனகியது.

கிராடி தொடையை வாங்கினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார். மெல்ல மெல்ல மென்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"விஷம் உண்டா?" என்றார் ராஜா.

"ஒரு கடியில எப்படிச் சொல்ல முடியும், மகாராஜா? இன்னொரு கடி கடிச்சுப் பார்க்கிறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதல் தொடை முடிந்தது. "இதுல இல்ல. அதுல இருக்கலாம்" என்று இரண்டாவதை எடுத்தார். அதுவும் முடிந்தது. யாரோ கறிப் பணியாரம் நீட்டினார்கள், யாரோ பொரித்த சீஸ் நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் கிராடி கண்ணீரும் கம்பலையுமாகச் சோதித்தார். எலும்பை உறிஞ்சும்போது ஒரு முத்தமும் கொடுத்தார். ஜனங்கள் இப்போது சிம்மாசனத்தைப் பார்க்கவே இல்லை.

வெண்டலுக்கு உயிர் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. இத்தனை வருஷத்தில் தனக்குக்கூட இப்படிக் கைதட்டியதில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"விஷம் இல்லவே இல்ல!" என்று கடைசியில் கிராடி தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப ராஜா தின்னட்டும்!" என்றார் மேவிஸ், மூன்றாவது தொடையைத் தானே சுமந்துகொண்டு மேடையேறி. பக்கத்தில் வந்து காதோரம், "கடி வெண்டல். இல்லன்னா அந்த ஆளுதான் ராஜான்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க" என்று கிசுகிசுத்தார்.

வேறு வழியில்லை. வெண்டல் நுனியில் ஒரு துணுக்கைக் கடித்தார். உலர்ந்த கறி, பதற்றத்தில் சரியாக மெல்லவும் இல்லை. நெஞ்சுக்குக் கீழே போய் நின்றது, நகர மறுத்தது. விக்கல் எடுத்தது. முகம் வெளிறி, வியர்வை வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். இடுப்பில் கட்டியிருந்த வார் பட்டென்று அறுந்தது. அங்கிக்குக் கீழேயிருந்து ஒரு தலையணை வந்து விழுந்தது. அதைத் தேடிக்கொண்டு இன்னொன்றும் வந்தது.

"ராஜாவுக்குப் பிரசவம் ஆயிடுச்சு! இரட்டைப் புள்ள!" என்று ஒரு பெண் கூவினாள்.

லோரெட்டா இரண்டு தலையணைகளையும் அள்ளி மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டே ராஜாவை உள்ளே இழுத்துப் போனாள். வெளியே சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கூடாரத்துக்குள் வெண்டல் ஒரு வாளியின் உதவியால் அந்தத் துணுக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். எதிரே மேவிஸ் நின்றார்.

"என்ன இது?"

வெண்டல் எல்லாவற்றையும் சொன்னார். ஆபரேஷன், வாழைப்பழம், நாலு கரண்டி, நாய், எதையும் விடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வயித்த வெட்டிக்கிட்டியா?"

"வயிறு என்னோடது, மேவிஸ்."

"ராஜாவோட வயிறு என்னோடது!"

"நடக்கவே முடியாம கிடந்த மனுசன் இப்ப ஓடுறான். அது உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று லோரெட்டா பாய்ந்தாள்.

"சந்தோஷம்தான். ஓடட்டும். தூதுவன் வேஷம் போட்டுக்கிட்டு மேடையச் சுத்தி ஓடட்டும். சிம்மாசனத்துல உக்கார எனக்குத் தின்னுற ஆளு வேணும்." மேவிஸ் கூடாரத் துணியை விலக்கினார். "கிராடி! கொஞ்சம் உள்ள வாங்க!"

துணிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் போல, கிராடி உடனே உள்ளே வந்தார். கையில் பாதி தின்ற பணியாரம் இருந்தது.

மேவிஸ் வெண்டலின் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றினார். வெண்டல் தடுக்கவில்லை. தலை லேசாகிவிட்டது. அந்த லேசு அவருக்குப் பிடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, டயர் கடையில் நிற்பதுபோல நின்றார். லோரெட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாங்க, கிராடி. நாளையிலேருந்து நீங்கதான் ராஜா. வேற ஒண்ணும் பண்ண வேணாம். இன்னிக்கு அழுதுகிட்டே தின்னீங்களே, அதே மாதிரி தின்னா போதும்."

கிராடி கிரீடத்தைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார். பணியாரத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும், மேடம். ஆசை தீர ஒரு தடவை தின்னுட்டுப் போயிடலாம்னுதான் இன்னிக்கு டிக்கெட் வாங்கினேன். நாளையிலேருந்து வெறும் தண்ணி ஆகாரம். ரெண்டு வாரத்துல எனக்கும் இதே ஆபரேஷன்."